நோயோடு போரிட்ட பினாங்கு மைந்தன்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. பட்டம், பதவி, வேலை எல்லாம் சித்திரம் என்றால் உடல்தான் சுவர். இதை அறியாத மாணவர் நம்மில் எவரும் இல்லை. அறிந்தும் ஏன் உடலைக் கெடுத்துக்கொள்கிறோம்? நல்லதைச் சொன்னால் ஏன் காதில் ஏறுவதில்லை? இந்தக் கேள்விகளோடு இருந்த எனக்கு வழிகாட்டியது பினாங்கு மண்ணில் பிறந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை. அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல். நான் வாழும் பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களால் அறியப்பட்டது. 2014இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகிவிட்டன. மாலை வேளைகளில் இங்குள்ள தமிழ் இளையோரோடு பேசிப் பழகும் வாய்ப்பு எனக்கு உண்டு. பலர் கையில் வேப் இருக்கும். பழ வாசனையோடு புகை எழும். கேட்டால், இது வெண்சுருட்டு அல்ல, வெறும் ஆவிதான் என்பார்கள். நள்ளிரவு தாண்டி மமாக் கடையில் மீ கோரெங், அதனோடு சர்க்கரை மிகுந்த தே தாரிக், பிறகு மூன்று மணி நேரத் தூக்கம். அறிவுரை சொன்னால் சிரித்துவிட்டு நகர்கிறார்கள். டாக்டர் வூவின் கதையைச் சொன்னாலோ உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வூ 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாய் மலாயாவில் பிறந்தவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த அதே காலம், அதே நிலை. வூ பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்தார். 1896இல், 17 வயதில், மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரிக்குச் சென்றார். சீன இனத்திலிருந்து அங்கு மருத்துவம் பயின்ற முதல் மாணவர் அவரே. பிறகு லிவர்பூலில், மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் கண்டறிந்த ரொனால்ட் ராஸின் கீழ் பயின்றார். ஜெர்மனியிலும் பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்திலும் கிருமிகளைப் பற்றி ஆராய்ந்தார்.

1903இல் தாயகம் திரும்பியபோது அவரிடம் இருந்த தகுதிக்கு அரசாங்க மருத்துவத் துறையின் உயர்பதவி எதுவும் கிடைத்திருக்கலாம். ஆனால் அவை ஆங்கிலேயருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஆகவே அவர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் சிறிது காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் செயலிழக்கும் இந்நோய் அன்று மலாயாவில் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் கொன்றது. தமிழர்களை மட்டும் அது பெரிதும் தொடவில்லை. இதனைக் கண்டு காரணம் தேடியவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன். நம்மவர் உண்டது புழுங்கல் அரிசி. மற்றவர் உண்டது நன்கு தீட்டிய வெள்ளரிசி. புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அன்றாட உணவுப் பழக்கம் ஒன்றே உயிரைக் காக்கும், உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதன்பின் வூ ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவில் மருத்துவமனை நடத்தினார். சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர் என்பதை நாம் அறிவோம். அங்கு அவர் கண்ட பெருங்கொடுமை அபினி. துறைமுகத்திலும் ஈயச் சுரங்கத்திலும் உழைத்த இளைஞர்கள் உடல்வலி மறக்க அபினி புகைத்தனர்; கூலி முழுவதும் அதிலேயே கரைந்தது. இந்த அபினியை விற்கும் உரிமையை ஏலம் விட்டதே அரசாங்கம்தான். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் வருவாயில், சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதி, அபினியிலிருந்து வந்தது. தோட்டங்களில் நம்மவரின் கூலியை உறிஞ்சிய கள்ளுக்கடைகளை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

வூ புகைத்தவரைப் பழிக்கவில்லை. அவர்களை நோயாளிகளாகக் கருதிச் சிகிச்சை அளித்தார். பினாங்கு அபினி எதிர்ப்புச் சங்கத்தை வழிநடத்தினார். 1906இல் ஈப்போவில் அபினி எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டினார். ஏறத்தாழ 2,000 பேர் திரண்டனர். ஆதாயம் பெற்றவர்கள் பொறுப்பார்களா? 1907இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. சிகிச்சைக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபினிக் கரைசல் சிக்கியது. அபினிக்கு எதிராகப் போராடியவர் மீதே அபினி வைத்திருந்த குற்றம் சுமத்தப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தோற்றது. 1908இல் சீன அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, தியன்ஜின் இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளைநோய் பரவியது. பிடித்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 24ஆம் நாள் வூ ஹார்பின் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31. உதவிக்கு உடன் வந்தவர் கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர். நோயை நாடி, பின் அதன் காரணத்தை நாடச் சொல்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். வூ செய்ததும் அதுதான். இறந்த பெண் ஒருவரின் உடலை இரகசியமாக ஆராய்ந்து, இது நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்று கண்டறிந்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே, மனிதரின் மூச்சிலிருந்தும் இருமலிலிருந்தும் இது பரவுகிறது என்றார்.

காரணம் தெரிந்ததும் வழி எளிதாயிற்று. மெல்லிய துணியும் பஞ்சும் கொண்டு அடுக்கடுக்கான முகக்கவசம் ஒன்றை அமைத்தார். மலிவானது, எவரும் செய்யக்கூடியது. அதை எள்ளியவர்களும் இருந்தனர். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, இளைஞரான வூவின் சொல்லை ஏற்க மறுத்து, கவசமின்றி நோயாளிகளிடம் சென்றார். சில நாள்களில் பிளேக் கண்டு மாண்டார். அதன் பின்னரே மக்கள் கவசத்தை நாடினர். வூ நகரை நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியினரும் வெவ்வேறு நிறக் கைப்பட்டை அணிய வேண்டும். நோயாளியோடு இருந்தவர்களை இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார். குழி தோண்ட முடியாதபடி நிலம் உறைந்திருந்ததால் 2,000க்கும் மேற்பட்ட சவங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. அவற்றை எரிப்பது சீன மரபுக்கு மாறானது. எனவே பேரரசின் அனுமதி பெற்று, 1911 ஜனவரி 31ஆம் நாள் எரிக்கத் தொடங்கினார். மார்ச் 1ஆம் நாள் ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த நோய் அடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் முக்டனில் கூடிய அனைத்துலக பிளேக் மாநாட்டிற்கு அவரே தலைவர்.

அதன்பின் சீனாவின் நவீன மருத்துவத்தை வளர்ப்பதில் கால் நூற்றாண்டுக்கும் மேல் உழைத்தார். 1935இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1937இல் போர் மூண்டதால் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராகப் பணி செய்தார். அங்கே பொது நூலகம் அமைக்கவும் நிதி திரட்டினார். 1960 ஜனவரி 21ஆம் நாள் பிறந்த பினாங்கிலேயே கண் மூடினார். அறுபது ஆண்டுகள் கழித்து கொவிட்-19 வந்தபோது, நாம் அனைவரும் முகக்கவசம் அணிந்து அவருடைய பாடத்தை மீண்டும் படித்தோம்.

மாணவ நண்பர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை மூன்று. முதலாவது, பழக்கத்துக்கு அடிமையானவரை இகழாமல் நோயாளியாகக் கருத வேண்டும். விடுதி அறையில் வேப் விட முடியாமல் தவிக்கும் நண்பனைக் கேலி செய்தால் அவன் ஒளிந்துகொண்டு புகைப்பான். அரசாங்க சுகாதார நிலையத்தில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை உண்டு, அங்கே அவனோடு நாமும் போனால் நிறுத்துவான். இரண்டாவது, சொல்லும் வழி எளிதாக இருக்க வேண்டும். தே தாரிக்கில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது, வாரம் மூன்று மாலை பூப்பந்து ஆடுவது, தேர்வுக் காலத்திலும் உறக்கத்தை விற்காமல் இருப்பது ஆகியவை அந்தத் துணிக் கவசம் போன்றவை. செலவில்லை, ஆனால் காக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். இளையோரின் பழக்கத்திலிருந்து யார் ஆதாயம் பெறுகிறார்கள் என்று கேட்க வேண்டும். 2023 மார்ச் 31ஆம் நாள் வேப்பில் உள்ள நிக்கோட்டின் திரவம் நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. மறுநாளே அதற்கு வரி விதிக்கப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் சட்டமோ 2024 அக்டோபர் 1ஆம் நாள்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட 18 மாதங்களில் அந்தப் பழ வாசனை எத்தனை பள்ளிப் பைகளுக்குள் நுழைந்ததோ? அதற்கு முன்பே நிலை மோசமாகத்தான் இருந்தது. சுகாதார அமைச்சின் ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுடையோரில் வேப் பிடிப்பவர்கள் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. அபினியும் முதலில் களைப்பு தீர்க்கும் பொருளாகத்தான் வந்தது. அதிலும் வரிப்பணம் இருந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகத்தான் வூ குற்றவாளிக் கூண்டில் நின்றார். நமக்கு அந்த அளவு விலை இல்லை. நம் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் பேச்சுப் போட்டியிலும் நாடகத்திலும் உடல்நலம் ஒரு தலைப்பாகட்டும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் தம் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு டாக்டர் வூவின் கதையைச் சொல்லட்டும். வேப் அவர்கள் கைக்கு வருமுன் இந்தக் கதை அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.