பெரிய விமானத்துக்குப் பெரிய சம்பளமா? இந்தக் கேள்வியால் மந்திரி பதவியை உதறியவர் கதை!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆளா நீங்க? அப்போ ஃப்ளைட் பிடிக்க மதுரைக்கோ தூத்துக்குடிக்கோதான் போயிருப்பீங்க. தூத்துக்குடியில் பெரும்பாலும் நிற்பது, இறக்கையில் விசிறி சுற்றும் குட்டி ஏ.டி.ஆர். விமானம். சுமார் 70, 80 பேர் உட்காரலாம். மதுரையில் ஏர்பஸ்ஸைப் பார்க்கலாம். அதில் சுமார் 180 பேர். சென்னைக்குப் போனால் 300 பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டும் பெரிய விமானங்கள்.

இந்த மூன்றையும் ஓட்டுகிற கேப்டன்கள் ஒரே மாதிரி லைசன்ஸ் வாங்கியவர்கள்தான். ஆனால் பொதுவாகச் சம்பளம் ஒன்று கிடையாது. விமானம் பெரிசானால் சம்பளமும் பெரிசாகும்.

இது சரியா? பெரிய விமானம் ஓட்டுகிறவரைக் கேட்டால், எத்தனை உயிர் என் கையில் இருக்கு, கம்பெனிக்கு எவ்வளவு வருமானம் வருது என்பார். சின்ன விமானம் ஓட்டுகிறவரைக் கேட்டால், ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்குறேன், குட்டி ரன்வேயில் இறக்குறேன், எனக்கு ஏன் கம்மி என்பார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, இல்லையா?

அமெரிக்காவில் 1934-லேயே பைலட்களின் சம்பளக் கணக்கில் விமானத்தின் வேகத்தைச் சேர்த்துவிட்டார்கள். எடை பின்னால் வந்து சேர்ந்தது. நம்ம நாட்டில் 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தபோது இந்தப் பிரச்னை வெடித்தது. புதிதாக வரும் போயிங் 787 ட்ரீம்லைனரை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்ற சண்டையில், 2012-ல் ஏர் இந்தியா பைலட்களில் ஒரு பிரிவினர் 58 நாள் ஸ்டிரைக் செய்தார்கள். பெரிய விமானத்தில் உட்காருவதுதான் பதவி உயர்வுக்கும் நல்ல சம்பளத்துக்கும் வழி. அதனால்தான் ஒரு பயிற்சிக்கு அவ்வளவு பெரிய போராட்டம்.

இதே கேள்வி 1950-களில் வங்கி கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிளார்க்குகளுக்கும் வந்தது. அப்போது அவர்களுக்காக ஒரு மத்திய அமைச்சர் பதவியையே விட்டு வெளியேறினார். பின்னாளில் நம்ம நாட்டின் ஜனாதிபதியாகவும் ஆனார். அவர்தான் வி.வி.கிரி.

டப்ளினில் இருந்து ரயில் தண்டவாளத்துக்கு

வராககிரி வேங்கட கிரி பிறந்தது 1894 ஆகஸ்ட் 10-ல், பெர்ஹாம்பூரில். இன்றைக்கு ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர், அப்போது மெட்ராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. வீட்டில் பேசியது தெலுங்கு. 1913-ல் சட்டம் படிக்க அயர்லாந்தின் டப்ளினுக்குப் போனார். படிக்கப் போன இடத்தில் ஐரிஷ் விடுதலை இயக்கத்தின் மேல் ஈடுபாடு வந்துவிட்டது. 1916-ல் அங்கே எழுச்சி வெடித்த பிறகு, நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்தவரை இழுத்தது ரயில்வே. அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர் அவர். 1928-ல் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த ஸ்டிரைக்குக்குத் தலைமை தாங்கினார். கல்வீச்சு, அடிதடி இல்லாத போராட்டம். நிர்வாகம் இறங்கிவந்தது.

ரயில்வே ஒரு நல்ல பள்ளிக்கூடம். கூட்ஸ் வண்டி டிரைவர், பாசஞ்சர் டிரைவர், மெயில் டிரைவர் என்று வண்டியைப் பொறுத்து அங்கேயும் படிநிலை உண்டு. எந்த வேலைக்கு என்ன கூலி என்பதை முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணணும், மூணாவது ஆள் தீர்ப்பு சொல்லக் கூடாது என்ற எண்ணம் அவருக்குள் வேர்பிடித்தது இந்த அனுபவத்தில்தான்.

ராஜபாளையத்துக்காரரோடு ஒரே அமைச்சரவையில்

1937-ல் ராஜாஜி முதல்வரானபோது கிரி தொழிலாளர் அமைச்சர். 1946-ல் பிரகாசம் அமைச்சரவையிலும் அவர் இருந்தார். அதே அமைச்சரவையில் விவசாயத் துறையைப் பார்த்தவர் யார் தெரியுமா? நம்ம ராஜபாளையம் பி.எஸ்.குமாரசாமி ராஜா. மூன்று வருஷத்தில் மெட்ராஸ் மாகாணத்தின் முதல்வராகவே ஆனவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு கிரி இலங்கைக்கு இந்தியத் தூதராகப் போனார். 1952 பொதுத்தேர்தலில் ஜெயித்து, நேருவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். அந்த முதல் மக்களவையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் எம்.பி. காமராஜர். 1954 ஏப்ரலில் அவர் தமிழக முதல்வராகிவிட்டார். கிரி கதையில் காமராஜர் பேரு இன்னொரு தடவை வரும். ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஏ, பி, சி, டி... உங்க ஊர் எந்த கிளாஸ்?

இப்போ மெயின் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் வங்கிகள் தனியார் கையில். ஒவ்வொரு வங்கியிலும் ஒவ்வொரு சம்பளம். ஊழியர்கள் போராட, அரசு தீர்ப்பாயம் அமைத்தது. முதலில் வந்த சென் தீர்ப்பை 1951-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அடுத்து, மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையில் ஒரு தீர்ப்பாயம். அதன் தீர்ப்பு 1953 மார்ச்சில் வந்தது.

அந்தத் தீர்ப்பு வங்கிகளை ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பாகப் பிரித்தது. அளவுகோல், அந்த வங்கியிடம் புழங்கும் பணம். ஊர்களையும் மூன்று வகுப்பாகப் பிரித்தது. பெருநகரங்கள் முதல் வகுப்பு, நடுத்தர நகரங்கள் அடுத்தது, மற்ற ஊர்களெல்லாம் கடைசி. வங்கியின் வகுப்பும் ஊரின் வகுப்பும் சேர்ந்துதான் சம்பளம்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து பாருங்க. 1936-லேயே ராஜபாளையத்தில் பஞ்சாலை வந்தாச்சு. பருத்தி, நூல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. மில் சம்பள நாள் வந்தால் வங்கி கவுன்டரில் கூட்டம் எப்படி இருந்திருக்கும்! ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியும் பால் வியாபாரமும். ஆனால் ரெண்டு ஊரிலும் மக்கள்தொகை அப்போது லட்சத்தைத் தொடவில்லை. அதனால் இங்கே உட்கார்ந்து நோட்டு எண்ணுகிற கிளார்க், சென்னையில் அதே நோட்டை எண்ணுகிறவரைவிடக் குறைவாக வாங்க வேண்டியதுதான். வங்கியும் சின்னதாக இருந்துவிட்டால் ரெண்டு பக்கமும் அடி.

ஊழியர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 1954 ஏப்ரலில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்களுக்குச் சாதகமான சில மாற்றங்களோடு முடிவு சொன்னது. வங்கி முதலாளிகள் கைவிரித்தார்கள். அரசுக்கும் கவலை. சின்ன வங்கிகளால் இந்தச் சம்பளத்தைத் தாங்க முடியாது, சின்ன ஊர்க் கிளைகளை மூடிவிடுவார்கள், கிராமத்துக்கு வங்கி போகாமலே போய்விடும் என்பது அவர்கள் வாதம். இது ஒண்ணும் சும்மா சொன்ன சாக்கு இல்லை. அந்தக் காலத்தில் சின்ன வங்கிகள் திவாலாவது அடிக்கடி நடந்ததுதான். கிளையே மூடிவிட்டால் கிளார்க்குக்குக் குறைந்த சம்பளம்கூடக் கிடையாதே!

1954 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை அந்த முடிவைத் திருத்தியது. சின்ன வங்கி, சின்ன ஊர் ஊழியர்களுக்குத்தான் அதிக பாதிப்பு. அப்போது நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக். ரிசர்வ் வங்கியின் கவர்னராக இருந்தவர். இந்தப் பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கிரிக்குத் தீர்ப்பாயங்களே பிடிக்காது. பேசித் தீர்க்கணும் என்பதுதான் அவர் கட்சி. ஆனால் அரசே தீர்ப்பாயம் அமைத்து, ரெண்டு தரப்பையும் அதன்முன் நிறுத்தி, முடிவு வந்த பிறகு அதில் கைவைத்தால் இனி எந்தத் தொழிலாளி அரசை நம்புவான்? தொழிலாளர் அமைச்சர் என்ற பெயரோடு அந்த முடிவுக்குத் துணைபோக அவர் தயாராக இல்லை. ராஜினாமா செய்தார்.

சும்மா இருந்திருந்தால் பதவி பத்திரமாக இருந்திருக்கும். ஊழியர்கள் திட்டினாலும் நேருவின் அமைச்சரவையில் தொடர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அவர் போன பிறகு அரசு ஒரு கமிஷன் அமைத்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியான கஜேந்திரகட்கர் அதன் அறிக்கையை 1955-ல் கொடுத்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கொடுத்ததில் பெரும்பகுதி ஊழியர்களுக்குத் திரும்பிவந்தது. அதற்கு அந்த வருஷமே சட்டமும் வந்தது.

ஒரு கையெழுத்து, அடுத்த நாள் ராஜினாமா

அதன்பிறகு கிரி உத்தரப்பிரதேசம், கேரளம், மைசூர் என்று மூன்று மாநிலங்களில் கவர்னர். 1967-ல் துணை ஜனாதிபதி. 1969 மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானதும் தற்காலிக ஜனாதிபதி.

அந்த ஜூலை 19-ம் தேதி, நாட்டின் 14 பெரிய வங்கிகளை அரசுடைமை ஆக்கும் அவசரச் சட்டம் கையெழுத்துக்கு வந்தது. கையெழுத்துப் போட்டவர் கிரி. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினாலில் உண்டு. அந்த 14-ஐத் தேர்ந்தெடுத்த அளவுகோல் என்ன தெரியுமா? 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட். இங்கேயும் சைஸ்தான்!

மறுநாளே பதவியை விட்டு விலகி, ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நின்றார். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. அவர் பின்னால் நின்ற மூத்த தலைவர்களில் ஒருவர் காமராஜர். பிரதமர் இந்திராவோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னார். தி.மு.க. கிரி பக்கம். மூன்றாவது முக்கிய வேட்பாளர் யார்? அதே சி.டி.தேஷ்முக்! பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே அமைச்சரவையில் வங்கிச் சம்பளப் பிரச்னையைப் பார்த்த ரெண்டு பேரும் இப்போது ஒரே நாற்காலிக்குப் போட்டி.

முதல் விருப்ப வாக்குகளில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ண வேண்டியதாயிற்று. கடைசியில் கிரிக்கு 4,20,077 மதிப்பு வாக்குகள், ரெட்டிக்கு 4,05,427. தேர்தலை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஜனாதிபதி பதவியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்தில் நேரில் சாட்சி சொன்னார் கிரி. வழக்கு தள்ளுபடி ஆனது.

எல்லாமே இனிப்பு இல்லை

ஜனாதிபதியாக அவர் பிரதமர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார் என்ற விமர்சனம் உண்டு. அதிலும் 1974 மே மாதம் ஒரு கசப்பான பக்கம். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் ஸ்டிரைக். மற்ற பொதுத்துறை ஊழியர்களுக்குச் சமமான சம்பளம் அவர்கள் கேட்டதில் ஒன்று. அரசு ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்து, 20 நாளில் போராட்டத்தை முறித்தது. ரயில்வே சங்கத்தைக் கட்டியவர் ராஷ்டிரபதி பவனில் இருந்தார். 1954-ல் ஒரு அமைச்சராக அவரால் வெளியேற முடிந்தது. 1974-ல் நாட்டின் முதல் குடிமகனாக அப்படி எதையும் அவர் செய்யவில்லை. அவர் கதையை முழுசா சொல்லணும்னா ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அந்த ஆகஸ்ட்டில் பதவிக்காலம் முடிந்தது. 1975-ல் பாரத ரத்னா. 1980 ஜூன் 24-ல் சென்னையில் காலமானார். நொய்டாவில் இருக்கும் தேசிய தொழிலாளர் நிறுவனம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.

இதுல உங்களுக்கு என்ன?

ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு பொதுத்துறை வங்கிக்குள் போய்ப் பாருங்க. அங்கே இருக்கும் கிளார்க்கின் அடிப்படைச் சம்பள விகிதமும் சென்னையில் இருக்கும் கிளார்க்கின் விகிதமும் ஒன்றுதான். வேற பொதுத்துறை வங்கியாக இருந்தாலும் அதேதான். வீட்டு வாடகைப் படி போன்றவைதான் ஊருக்கு ஊர் மாறும். அந்தச் சம்பளத்தைத் தீர்ப்பாயம் சொல்வதில்லை. 1966-ல் கையெழுத்தான முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் இருந்து, வங்கிகளும் சங்கங்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கின்றன. கிரி வாழ்நாள் முழுக்கச் சொன்ன வழி அதுதான்.

ஆனால் கேள்வி முடிந்துவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறீர்களா? சொந்த ஊரில்தானே இருக்கீங்க, செலவு கம்மிதானே, சம்பளத்தையும் கொஞ்சம் குறைச்சுக்கலாமே என்று ஹெச்.ஆர். கேட்கலாம். இருக்கிற ஊரைப் பார்த்துச் சம்பளத்தை மாற்றும் வழக்கம் வெளிநாட்டு டெக் கம்பெனிகளில் ஏற்கெனவே உண்டு. உங்க வேலைக்குச் சம்பளமா, உங்க பின்கோடுக்குச் சம்பளமா?

அப்படி ஒரு மெயில் வந்தால் உடனே ஓகே போடாதீங்க, உடனே பேப்பரும் போடாதீங்க. எந்த அளவுகோலில் குறைக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்க. அதே வேலை பார்க்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பேச உட்காருங்க. பேசி முடிவான பிறகு யாராவது அதை மாற்றினால், அப்போ கேள்வி கேளுங்க. 1954-ல் கிரி கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.