6174 தந்த பள்ளி ஆசிரியர்: தேவ்லாலியின் காப்ரேகர்

நாசிக்: நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கிய எண்ணைக் கழிக்க வேண்டும். விடையையும் அவ்வாறே கழித்துக்கொண்டே போனால், அதிகபட்சம் ஏழு கழித்தல்களுக்குள் 6174 வந்துவிடும். (விடை மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னால் பூஜ்ஜியம் சேர்த்துக்கொள்ளலாம்.) அதன் பிறகு மாற்றமில்லை, 7641-இலிருந்து 1467-ஐக் கழித்தால் மீண்டும் 6174-தான்.

உலகம் காப்ரேகர் மாறிலி என்று அழைக்கும் இந்த எண்ணைக் கண்டறிந்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மகாராஷ்டிராவில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர்.

மும்பைக்கு வடக்கே உள்ள தஹாணுவில் 1905 ஜனவரி 17 அன்று அவர் பிறந்தார். தந்தை எழுத்தர், சோதிடத்தில் ஈடுபாடு கொண்டவர். எட்டு வயதில் தாயை இழந்த காப்ரேகர், தானேயில் பள்ளிக் கல்வியை முடித்து, புனே பெர்குசன் கல்லூரியில் பயின்றார். 1927-இல் ராங்ளர் பராஞ்ச்பே கணிதப் பரிசைப் பெற்றார். 1929-இல் இளங்கலைப் பட்டம் பெற்றதோடு முறையான கல்வி முடிந்தது.

ஆராய்ச்சி முடியவில்லை. டெம்லோ ரயில் நிலையத்தில் (இன்றைய டோம்பிவிலி) தோன்றிய யோசனைக்கு டெம்லோ எண்கள் என்றே பெயரிட்டார். இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதமின்றி வகுபடும் எண்களுக்கு, மகிழ்ச்சி தருபவை என்ற பொருளில் ஹர்ஷத் எண்கள் என்று பெயர் சூட்டினார். 45-இன் வர்க்கம் 2025. அதை இரண்டாகப் பிரித்து 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் மீண்டும் 45. இத்தகைய எண்கள் இன்று காப்ரேகர் எண்கள் எனப்படுகின்றன.

6174 பற்றிய கண்டுபிடிப்பை அவர் 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். இதில் மாயம் எதுவும் இல்லை. கழித்து வரும் விடை, மிகப்பெரிய இலக்கத்துக்கும் மிகச்சிறிய இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், நடுவில் உள்ள இரண்டு இலக்கங்களின் வேறுபாட்டையும் மட்டுமே சார்ந்தது. ஆகவே ஆயிரக்கணக்கான எண்கள் முதல் கழித்தலிலேயே வெறும் 54 விடைகளுக்குள் சுருங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் ஒரு பிற்பகலில் கையாலேயே சோதித்துவிடலாம். 6174-உம் ஒரு ஹர்ஷத் எண் என்பது கூடுதல் சுவை: இலக்கங்களின் கூட்டுத்தொகை 18, வகுத்தால் கிடைப்பது 343, அதாவது 7-இன் கனம்.

ஆனால், அன்றைய இந்தியக் கணித அறிஞர்கள் பலர் இவற்றை வெறும் பொழுதுபோக்காகவே கருதினர். காப்ரேகர் தம் முடிவுகள் பலவற்றைச் சிறு பிரசுரங்களாகத் தாமே அச்சிட்டு வெளியிட நேர்ந்தது. முதுகலைப் பட்டம் இல்லாததும் அவருக்கு எதிராகவே நின்றிருக்கும். ஓய்வுக்குப் பின் ஓய்வூதியம் போதாமல், கணிதமும் அறிவியலும் தனிப்பயிற்சியாகக் கற்பித்து வாழ்ந்தார். 1966-இல் மனைவி காலமானார்.

1975 மார்ச் மாதம், அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிபிக் அமெரிக்கன் இதழில் தமது பத்தியில் அவரைப் பற்றி எழுதினார். அப்போதுதான் காப்ரேகரின் பெயர் உலகெங்கும் பரவியது. அவருக்கு வயது 70. 1986-இல் அவர் மறைந்தார்.

அவர் பிறந்த 1905-ஐக் கொண்டு கழிக்கத் தொடங்கினால் 6174-ஐ அடைய முழுதாக ஏழு படிகள் தேவை. மறைந்த 1986-க்கு ஆறு. முன்னதன் இரண்டாம் விடையும் பின்னதன் முதல் விடையும் 8172. அங்கிருந்து இரண்டுக்கும் ஒரே வழிதான்.