காயத்தின் வரிசை

மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுவது கடலூர் மாவட்டத்தின் பழம்பெரும் விழாக்களுள் ஒன்று. கிள்ளையில் இஸ்லாமியர்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வதையும் இப்பகுதியினர் அறிவர். அந்தப் பெருந்திரளின் ஓரத்தில் நிற்கும் 108 ஆம்புலன்ஸை எவரும் கவனிப்பதில்லை. கவனிக்க நேராதிருப்பதே நல்லது. ஆனால், 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமக நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் மாண்டதையும், 2025 செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 உயிர்கள் பறிபோனதையும் நினைவில் கொண்டோருக்கு அந்த வண்டி ஒரு கேள்வியை எழுப்பும். நூறு பேர் விழுந்து கிடக்க, வண்டிகள் பத்தே இருக்குமானால் முதலில் யாரை ஏற்றுவது?

இக்கேள்விக்குப் போர்க்களத்தில் நின்று விடை கண்டவர், பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே. பிரனீஸ் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் 1766-இல் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, துலூஸ் நகரில் அறுவை மருத்துவராக இருந்த தந்தையின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்து, அவரிடமே தொழிலையும் கற்றார். 1783 ஜூனில் நம் கடலூர்க் கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி இரு தரப்பிலும் பெருஞ்சேதம் விளைந்தபோது அவர் துலூஸில் மருத்துவ மாணவர். அக்காலப் போர்களில் காயமுற்றவனின் கதி எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: சண்டை ஓயும்வரை விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும்.

1792-இல் ரைன் படையில் சேர்ந்த லாரே கண்டதும் இதையே. மருத்துவ வண்டிகள் களத்திலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்பது விதி. போர் முடிந்து அவை வந்து சேர்வதற்குள் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் பலர் இறந்திருப்பர். குதிரைகள் இழுத்துச் செல்லும் பீரங்கிகள் களத்தில் நினைத்த இடத்துக்கு விரைவதைக் கவனித்த அவர், கொல்லும் கருவிக்கு வாய்த்த வேகம் காக்கும் கருவிக்கு ஏன் கூடாது என்று எண்ணினார். வில் பொருத்திய, குலுக்கல் குறைந்த இலகுவான வண்டிகள் உருவாயின. பறக்கும் ஆம்புலன்ஸ் என்று அவை பெயர் பெற்றன. பின்னர் எகிப்தின் மணலில் சக்கரம் ஓடாதபோது, ஒட்டகத்தின் இருபுறமும் பெட்டிகளைத் தொங்கவிட்டு அவற்றில் காயம்பட்டோரைக் கிடத்திக் கொண்டுசென்றார்.

வண்டியைவிடப் பெரிது அவர் வகுத்த வரிசை. கடுமையாகக் காயமுற்றவர் முதலில்; மற்றவர் காத்திருக்க வேண்டும்; பதவியும் பட்டமும் கணக்கில் வாரா. தோள்பட்டையில் சிராய்ப்புடன் வரும் தளபதி, வயல்காட்டிலிருந்து படைக்கு வந்த சிப்பாயின் துண்டான கால் கட்டப்படும்வரை நிற்க வேண்டும். இன்று எளிதாகத் தோன்றும் இவ்விதி, பிரபுத்துவ வழக்கங்களில் ஊறிய ஐரோப்பியப் படைகளில் எளிதாக இருந்திருக்க முடியாது.

பற்றாக்குறையான ஒன்றைப் பங்கிட மனித சமூகம் கைக்கொண்ட வழிகள் சிலவே: விலை, முன்வந்தவருக்கு முன்னுரிமை, பதவி, உரத்த குரல். முதல் இரண்டைக் கற்பிப்பதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. பின் இரண்டைக் கற்க வகுப்பறை தேவையில்லை, எந்த அலுவலக வாசலிலும் அரை மணி நேரம் நின்றால் போதும். பேரிடரில் இந்நான்குமே பிழையான ஆளைத் தேர்ந்தெடுக்கும். நடக்க முடிந்தவரே மருத்துவமனைக்கு முதலில் வந்து சேர்வார். உரக்கக் கத்துபவருக்கு மூச்சுக்குழாய் அடைபடவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரியும். ஆபத்தில் இருப்பவரோ ஓசையின்றிக் கிடப்பார்.

லாரேயின் வரிசையை அடுத்த தலைமுறைகள் திருத்தின. கிரிமியப் போரில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் காயமுற்றோரை வந்தவுடன் வகைவகையாகப் பிரித்தார். 1983-இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய முறை இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. நடக்கக்கூடியோரை ஓரிடத்துக்கு வரச் சொல்லிவிட்டால் அவர்கள் பச்சை. மற்றவர்களிடம் மூச்சு, ரத்த ஓட்டம், சொன்னதைச் செய்யும் தெளிவு ஆகிய மூன்றை மட்டும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. பொறுத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள். மூச்சுப்பாதையைச் சரிசெய்த பின்னும் மூச்சில்லையெனில் கறுப்பு. ஒருவருக்கு அரை நிமிடம், அவ்வளவுதான். மருத்துவமனைக்குள் இதையொத்த சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளைத் தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று காணலாம்.

கறுப்பு அட்டைதான் எல்லோரையும் உறுத்துவது. வழக்கமான நாளில் மூச்சு நின்றவரைச் சூழ்ந்து நான்கு பேர் போராடுவார்கள். பேரிடர் நாளில் அதே ஊழியர் அவரைக் கடந்து அடுத்தவரிடம் செல்ல வேண்டும். உயிரற்ற குழந்தையை ஏந்தி நிற்கும் தாயிடம் இதை விளக்க எந்தப் பயிற்சி நூலும் உதவாது. ஆயினும் அங்கே செலவாகும் பத்து நிமிடத்தில், ரத்தப்போக்கை நிறுத்தினால் பிழைக்கக்கூடிய இருவர் அருகிலேயே இறந்துபோகலாம். அந்த இருவர் சார்பில் பேச அப்போது யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். கூட்டத்தில் செல்வாக்கு மிக்கவரின் உறவினர் ஒருவர் இருந்துவிட்டால், வரிசை தொலைபேசி அழைப்பினால் மாறும் அபாயமும் நம்மிடையே உண்டு. ஊழியருக்கு வண்ண அட்டைகளைத் தருவதோடு, அவர் கட்டிய அட்டையை எவரும் மாற்றக்கூடாது என்ற அதிகாரத்தையும் தந்தாக வேண்டும்.

அந்த உறுதி லாரேக்கு இருந்தது. 1809-இல் டான்யூப் நதித் தீவில் உணவின்றிக் காயமுற்றோர் தவித்தபோது, குதிரைகளை அறுத்து, போர்வீரரின் மார்புக்கவசங்களையே பாத்திரமாக்கிச் சூப் காய்ச்சிக் கொடுத்தார். 1812-இல் பொரோதினோவில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 உறுப்பு நீக்கங்களைச் செய்தார் என்பது வரலாறு. மயக்க மருந்து இல்லாத காலம் அது. பெரெசினா ஆற்றுப் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்த நெருக்கடியில், இவரை அடையாளம் கண்ட சிப்பாய்கள் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி மறுகரை சேர்த்தனர். தமக்கு முன்னே எவரையும் விடாத கூட்டம் அவருக்கு வழிவிட்டது.

அவர் வாழ்வில் நான் மிகவும் மதிப்பது 1813-இன் நிகழ்ச்சி. கையில் குண்டுபட்ட 2,000-க்கும் மேற்பட்ட இளம் வீரர்கள், போரைத் தவிர்க்கத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டனர். நெப்போலியனும் அதை நம்பினார். விசாரிக்கும் பொறுப்பு லாரே தலைமையிலான குழுவிடம் வந்தது. பேரரசரின் விருப்பத்தை அறிந்திருந்தும், ஒவ்வொருவரின் காயத்தையும் பரிசோதித்து, குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தார். பயிற்சி போதாத பின்வரிசையினர் சுட்டதில் முன்வரிசையினரின் கைகள் சிதைந்திருந்தன. நெப்போலியன் சினந்தார், பின்னர் ஏற்றுக்கொண்டு அவருக்குப் பரிசளித்தார்.

வாட்டர்லூவில் காயமுற்றுப் பிரஷ்யரிடம் சிக்கிய லாரேக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முன்பு அவருடைய உரைகளைக் கேட்டிருந்த ஒரு மருத்துவர் அடையாளம் காட்டியதால் தலை தப்பியது. பிரஷ்யத் தளபதி புளூக்கரின் மகனுக்கு முன்னொரு போரில் அவர் சிகிச்சை செய்திருந்தார். பகை நாட்டானென்று பார்க்கவில்லை.

செயின்ட் ஹெலினாவில் இறந்த நெப்போலியன் தம் உயிலில் அவருக்கு ஒரு லட்சம் பிராங்க் ஒதுக்கியிருந்தார். லாரே 1842 ஜூலையில், அல்ஜீரியாவின் ராணுவ மருத்துவமனைகளைப் பார்வையிட்டுத் திரும்பும் வழியில் லியோன் நகரில் இறந்தார். நெப்போலியன் அடக்கமான பாரிஸின் இன்வலீத் வளாகத்திலேயே தம்மையும் அடக்கம் செய்ய வேண்டும் என்று விரும்பியிருந்தார். அப்போது அதற்கு இடமளிக்கப்படவில்லை. 1992-இல்தான் அவருடைய எச்சங்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன.