ஏழு தந்திச் சௌடையா

மேலைநாட்டு இசைக்குழுக்களிலே உயிரை வைத்திருக்கும் நண்பர்கள் நம் விடுதியில் பலர் உளர். குழுவிலே இன்னாருக்கு இன்ன பாட்டு, மற்றவருக்கு வேறொரு பாட்டு என்று இரவு உணவுக்குப் பின் அவர்கள் நடத்தும் வாதம் எளிதில் ஓய்வதில்லை. பீட்டில்ஸ் நால்வரையும் எடுத்துக்கொண்டால், முன்னின்று பாடியவருக்கு மட்டுமன்று, பின்னால் அமர்ந்து முழவு கொட்டியவருக்கும் விருப்பப் பாட்டு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது என் எண்ணம் நம் கச்சேரி மேடைக்குச் சென்றுவிடுகிறது. அங்கும் மூவர் நால்வர் அமர்கின்றனர். பாடுகின்றவருக்கு எந்தக் கீர்த்தனை உயிர் என்பதை ரசிகர் யாவரும் அறிவர். அவர் பக்கத்தில் பிடிலோடு அமர்ந்திருக்கிறாரே, அவருக்கு எந்தப் பாட்டு? இதைக் கேட்பார் இல்லை. பிறர் விரும்பிய பாட்டுகளையே பல்லாண்டுக் காலம் வாசித்துப் பெரும் புகழ் எய்திய ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர்தாம் மைசூர் டி. சௌடையா.

என் ஊர் கொள்ளேகால். பட்டுத் தொழிலை நம்பித் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. கொள்ளேகாலிலிருந்து மைசூர் செல்லும் பேருந்து பாதி வழியில் திருமகூடலு நரசிபுரத்தில் நிற்கும். கபினியாறு காவிரியோடு கலக்கும் இடம் அது. பயணிகள் இறங்கிக் காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். சௌடையா பிறந்த ஊர் அதுவே என்பதை நினைப்பவர் மிகச் சிலரே. இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணந்தான். ஆயினும் 1956 நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நரசிபுரமோ மைசூரைச் சேர்ந்தது. சௌடையா எல்லைக்கு அந்தப் பக்கத்தவர். ஆனால் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி எல்லைக்கு இந்தப் பக்கத்து மேடைகளிலே கழிந்தது.

1890-களின் நடுவில் ஒக்கலிகர் எனப்படும் உழவர் குடியில் அவர் பிறந்தார். தந்தையார் அகஸ்தியே கௌடர், தாயார் சுந்தரம்மா. சங்கீத வித்துவான் என்றால் இன்ன குலத்தவராகத்தான் இருப்பார் என்று ஊரார் கணக்குப் போட்டு வைத்திருந்த காலம் அது. உழவர் வீட்டுப் பிள்ளை பிடிலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது சிறு செய்தியன்று. 1910இல் அவர் மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டு வித்துவான். புரந்தரதாசர் முதலிய தாசர்களின் கன்னடப் பதங்களைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து பெருமை சேர்த்தவர். கண்டிப்பும் மிக்கவர். அவரிடம் ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் குருகுலவாசம்! இரண்டாண்டுப் பட்டப் படிப்பையே நெடிது என்று அலுத்துக்கொள்ளும் நாம் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

குரு பாட, மாணவர் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பார். அவ்விதம் வாசித்துவந்த நாளிலேதான் ஒரு தொல்லை அவரை வாட்டியது. ஒலிபெருக்கி வராத காலம். பாடகர்கள் வலிய குரலால் மண்டபத்தை நிறைத்தனர். பிடிலின் ஒலியோ முன்வரிசைகளோடு நின்றது. அறிவியல் மாணவனுக்கு இதன் காரணம் புரியாததன்று. திறந்த வெளியில், ஐந்து மீட்டரில் அமர்ந்தவருக்குக் கிட்டும் ஒலிச்செறிவில் பதினாறில் ஒரு பங்குதான் இருபது மீட்டரில் அமர்ந்தவருக்குக் கிட்டும். கோயில் திருவிழாப் பந்தலில் கடைசி வரிசையில் இருந்தவன் பிடில்காரரின் கை அசைவதைத்தான் கண்டிருப்பான்.

சௌடையா கண்ட வழி, நான்கு தந்திகளோடு மேலும் மூன்று தந்திகளைச் சேர்ப்பது. மூன்று தந்திகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு துணைத் தந்தி. துணைக்கும் முதலுக்கும் ஒரு ஸ்தாயி வேறுபாடு. வில் ஒரே வீச்சில் இரண்டையும் தொடும். தந்தியை இரட்டித்தால் ஒலியும் இரட்டிப்பாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆற்றல் இரு மடங்கானாலும் நம் காது அதனை இரு மடங்காக உணர்வதில்லை. நுட்பம் வேறிடத்தில் இருக்கிறது. கீழ்த் தந்தியின் அதிர்வெண் 140 என்றால் மேல் தந்தியினது 280. கீழ்த் தந்தியின் முதல் மேற்சுரமும் அதே 280 ஆகையால் இரண்டு ஒலிகளும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. காது அவற்றைப் பிரித்தறியாமல், கனமும் கம்பீரமும் உடைய ஒரே நாதமாகக் கேட்கிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1964இல் பன்னிரண்டு தந்திக் கித்தாரை மீட்டி உலகைக் கவர்ந்தாரே, அதிலும் கீழ்த் தந்திகளுக்கு ஸ்தாயித் துணை உண்டு. அதே தத்துவத்தை 1927இலேயே நம் மைசூர்க்காரர் மேடையேற்றிவிட்டார் என்பதை விடுதி நண்பர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

கித்தாரில் விரலுக்கு உதவக் கட்டைகள் உண்டு; பிடிலில் அவை இல்லை. ஒரே விரல் இரண்டு தந்திகளை ஒரே நீளத்தில் அழுத்த வேண்டும். விரல் மயிரிழை சாய்ந்து, கீழ்த் தந்தி 140க்குப் பதில் 141 ஒலித்தால், அதன் மேற்சுரம் 282 ஆகிவிடும். 280உம் 282உம் மோதி, நொடிக்கு இருமுறை விம்மும் விம்மலை அவைக்குக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரே இடத்தில் விரலை ஊன்றி நிற்கும் இசையில் இதனைச் சமாளிக்கலாம். நம் இசையோ கமகத்தால் ஆனது. விரல் ஓரிடத்தில் நிற்பதேயில்லை. தோடியின் அசைவையும் பைரவியின் இழைவையும் இரட்டைத் தந்தியில், அதுவும் விரைந்த காலத்தில், பிசகாது வாசிப்பதற்கு எத்தனை இரவுகள் சாதகம் செய்திருப்பார்! குருவுக்குச் சொல்லாமலே இதைப் பழகினார் என்றும், அறிந்த குரு முதலில் சினந்து, வாசிக்கக் கேட்டபின் இசைந்தார் என்றும் கூறுவர்.

ஏழு தந்தியோடு அவர் தமிழகத்து மேடைகளுக்கு வந்தார். இனி, அவர் பக்கத்தில் அமர்ந்த பாடகர்களையும் அவர்களுக்கு உரிமையாகிவிட்ட பாட்டுகளையும் காண்போம். செம்பை வைத்தியநாத பாகவதர் என்றவுடன் அம்சத்வனியில் அமைந்த வாதாபி கணபதிம் நினைவுக்கு வரும். தீட்சிதர் இயற்றியதாயினும், வெண்கலக் குரலிலே செம்பை அதை எடுத்தால் அவருடையதே ஆகிவிடும். முசிறி சுப்பிரமணிய ஐயருக்கு நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாட்டு, முகாரியில் என்றைக்கு சிவகிருபை. அதை விரைந்து பாடினால் பயனில்லை. ஒரு சொல்லை எடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்து, கேட்பவர் நெஞ்சு கரையும்வரை காத்திருக்க வேண்டும். ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குக் கல்யாணியில் வாசுதேவயனி. மின்னலென ஓடும் பிருகாக்கள் அவருடைய செல்வம். அரியக்குடி இராமானுச ஐயங்காருக்கு இன்ன பாட்டு என்று ஒன்றைச் சொல்வது அரிது. கச்சேரி முழுவதுமே அவர் விருப்பப் பாட்டு. இன்று நாம் கேட்கும் கச்சேரியின் வரிசைமுறையை வகுத்தவர் அவர். திருப்பாவைக்கு இசையமைத்து ஊரெங்கும் பரப்பியதும் அவரே.

இத்தனை பேருக்கும் ஒருவரே பிடில் வாசித்தார் என்பதுதான் வியப்பு. இன்று செம்பையின் முழக்கத்துக்கு ஈடு கொடுத்த கை, நாளை முசிறியின் முகாரிக்குக் குழைய வேண்டும். அடுத்த நாள் ஜி. என். பி.யை விரட்டிப் பிடிக்க வேண்டும். நிரவல் என்று வந்தால் பாட்டின் சொல் எங்கே விழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தாய்மொழி கன்னடம், பாட்டு தெலுங்கிலோ வடமொழியிலோ தமிழிலோ இருக்கும். வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று வாழும் நம்மவர்க்கு இதன் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

செம்பை, சௌடையா, மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி ஐயர் என்று மூவரும் சேர்ந்த கச்சேரிக்குத் தனிப் பெயரே இருந்தது. இளைஞராயிருந்த மணி ஐயரைத் தூக்கிவிட்டவர்களுள் செம்பை முதன்மையானவர். 1943இல் சௌடையா வாணி என்ற கன்னடத் திரைப்படத்தைத் தயாரித்துத் தாமும் நடித்தார். அதிலே இம்மூவரும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரிக் காட்சி ஒன்று உண்டு. அந்நாளைய மேடை எப்படியிருந்தது என்று கண்ணால் காண விழைவோர்க்கு அது ஒரு புதையல். ஒரு வேடிக்கையையும் இங்கே குறிக்க வேண்டும். ஒலி எட்டவில்லையே என்று சௌடையா தந்தியைக் கூட்டினார். மணி ஐயரோ, ஒலிபெருக்கி வந்து எங்கும் பரவியபின், அது நாதத்தைக் கெடுக்கிறது என்று அது வைத்த மேடையில் வாசிக்க மறுத்த காலமும் உண்டு. ஒரே மேடையில் அமர்ந்த இருவர். ஒலி பற்றிய கவலை இருவருக்கும் இருந்தது, விடைதான் எதிரெதிர்.

ஏழு தந்தியை எல்லாரும் கொண்டாடிவிடவில்லை. பிடிலின் மென்மை போயிற்று, பாடகரையே அமுக்கிவிடுகிறது என்ற குறை இருந்தது. துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் நான்கு தந்தி வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சௌடையாவைக் கேட்டால் அக்குறை முழுதும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாயுடுவின் நாதம் ஒரு கோடு. சௌடையாவினது ஓர் ஆறு. ஆனால் முசிறிக்கு அவர் வாசித்திருக்கும் பதிவுகளைப் பொறுமையோடு கேட்டவர், அவருக்கு ஒதுங்கி நிற்கத் தெரியாது என்று சொல்லமாட்டார்.

அவருக்கு உரிய சிறப்புகள் வந்து சேர்ந்தன. 1939இல் மைசூர் அரண்மனையின் ஆஸ்தான வித்துவானானார். மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரியை நிறுவினார். 1957இல் சென்னைச் சங்கீத வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்து ஓராண்டு சென்றிருந்த நேரம். தாமே கீர்த்தனைகளும் இயற்றினார். தம் பெயரை அல்ல, பிறந்த ஊரின் பெயரையே அவற்றில் முத்திரையாக வைத்தார். பிறர் பாட்டையே வாசித்தவருக்கும் சொந்தப் பாட்டு இருந்தது. அதிலே அவர் தேர்ந்தெடுத்தது அந்த இரண்டு ஆறுகள் கூடும் ஊரைத்தான். இன்று அக்கீர்த்தனைகள் மேடையில் கேட்பது அரிது. செம்பைக்கு வாதாபி போல, சௌடையாவுக்கு இன்ன பாட்டு என்று சொல்லும் வழக்கம் ஏற்படாமலே போயிற்று.

1967 ஜனவரி 19ஆம் நாள் சௌடையா மறைந்தார். நான்கு நாள் கழித்து, 23ஆம் நாள், அரியக்குடியும் மறைந்தார். பெங்களூரில் சௌடையா நினைவாக, ஏழு தந்திப் பிடிலின் வடிவிலேயே ஒரு மண்டபம் எழுப்பி 1980இல் திறந்தார்கள். மேலிருந்து பார்த்தால் படுக்க வைத்த பிடில் போலவே தோன்றும். சேதுராமய்யா போன்ற மாணவர்கள் அவர் பாணியைக் காத்தனர். ஆனால் ஒலிபெருக்கி எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டபடியால் ஏழு தந்தியின் தேவை குறைந்தது. அந்தக் கடுஞ்சாதகத்தை ஏற்க முன்வந்தவரும் குறைந்தனர். அம்மண்டபத்தில் இன்று அமர்ந்து வாசிக்கும் பிடில்காரர்கள் பெரும்பாலோரின் கையில் இருப்பது நான்கு தந்திப் பிடில்தான்.