ஸ்ரனிஸ்லவ்ஸ்கியும் அவர் விட்டுச் சென்ற ஏடுகளும்

கல்லூரி மேடையில் நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழக்கமுண்டு. மாணவன் ஒருவனை நடுவில் நிறுத்தி, இவ்விடத்தில் அழவேண்டும், இவ்விடத்தில் நெஞ்சிலே கைவைக்க வேண்டும் என்று கட்டளையிடுவோம். அவனும் சொன்னபடியே செய்வான். ஆயினும், அவன் குரல் தழுதழுக்குந் தறுவாயில் மண்டபத்தின் பின்வரிசையிலே சிரிப்பொலி எழும். யாமும் பல்லாண்டுகளாக இவ்வாறே பழக்கி வந்துள்ளோம். பிழை மாணவனிடத்தது என்றே எண்ணியிருந்தோம். உண்மையாக நடிப்பது எங்ஙனம் என்னும் இவ்வொரு வினாவை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிநின்று, கண்ட விடைகளையும் தமக்கு நேர்ந்த தோல்விகளையும் ஏடேடாக எழுதிவைத்துச் சென்ற ஒருவரின் வரலாற்றைப் படித்த பின்னரே எம் எண்ணம் மாறிற்று. அவர் ருஷ்ய நாட்டு நடிகரும் நெறியாளருமாகிய கொன்ஸ்ரன்ரின் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி ஆவார். அவர் வரலாற்றையும் அவருடைய ஏடுகளின் வரலாற்றையும் இவ்விதழிலே ஒருசிறிது கூறுவாம்.

ஸ்ரனிஸ்லவ்ஸ்கி என்பது அவருடைய பிறப்புப் பெயரன்று. 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆந் திகதி மொஸ்கோ நகரிலே, அலெக்சேயெவ் என்னும் செல்வக்குடியில் அவர் பிறந்தார். பொன்னிழையும் வெள்ளியிழையும் செய்யும் ஆலை அக்குடிக்கு உரியது. தாயைப் பெற்ற பாட்டியார் பிரெஞ்சு நாட்டு நடிகையாக இருந்தவர். மூன்று நான்கு வயதிலேயே குழந்தையை வீட்டு மேடையில் ஏற்றினர். பஞ்சினால் தாடி ஒட்டிப் பனிக்காலத்தின் வடிவமாக இருத்தி, முன்னே மெழுகுதிரி ஒன்றை ஏற்றிவைத்து, கையிலே ஒரு சுள்ளியையுங் கொடுத்தனர். சுள்ளியைத் தீயில் வைப்பதுபோலக் காட்டினாற் போதும், மெய்யாக வைத்துவிடலாகாது என்று எச்சரித்தும் இருந்தனர். திரை விலகிற்று. ஒன்றுஞ் செய்யாது இருக்கத் தன்னையே எல்லாரும் நோக்குவது குழந்தைக்குப் பெருங் கூச்சத்தைத் தந்தது. சுள்ளியை மெய்யாகவே சுடரில் வைத்தது. தீ மூண்டது, பெரியோர் பதறி ஓடிவந்து தூக்கிச் சென்றனர். செயலின்றி மேடையில் இருத்தல் எத்துணைத் துன்பம், ஒரு செயலை உண்மையாகச் செய்தல் எத்துணை இன்பம் என்பதை அன்றே உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

1877ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், லியுபிமோவ்கா என்னும் அவர்களுடைய நாட்டுப்புற மாளிகையின் சிற்றரங்கிலே குடும்பத்தார் நாடகம் நடித்தனர். 14 வயதுச் சிறுவராகிய அவரும் நடித்தார். மேடையில் நின்றபோது உள்ளம் பொங்கியது. சிறப்பாக நடித்துவிட்டதாகவே எண்ணினார். இறங்கிவந்து கேட்டபோதோ, பேச்சு விரைந்தமையாற் சொற்கள் விளங்கவில்லை என்றும், கைகள் ஓயாது அசைந்தன என்றும் பார்த்தவர்கள் கூறினர். நடிப்பவன் உள்ளே உணர்வது ஒன்று, காண்பவன் வெளியே காண்பது வேறொன்று. இந்தப் புதிர் அதன்பின் அவரை விட்டு அகலவேயில்லை. அக்காலத்திலேயே அவர் குறிப்பேடு எழுதத் தொடங்கினார். ஏற்ற வேடம் யாது, எங்கே தவறு நேர்ந்தது, குரல் எவ்வாறு இருந்தது, கண்டோர் கூறியது யாது என்பவற்றையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார். மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையை ஆசிரியர்களாகிய யாம் தவணைதோறும் எழுதுகிறோம். தமக்குரிய தேர்ச்சி அறிக்கையைத் தாமே எழுதிய மாணவர் இவர்.

பகலெல்லாம் ஆலைக் கந்தோரிலும் இரவெல்லாம் மேடையிலுமாக அவர் இளமை கழிந்தது. வணிகர் குடிப்பிள்ளை கூத்தாடித் திரிகிறான் என்னும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, 1884 அளவில் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி என்னும் புனைபெயரை ஏற்றார். மறைவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தரங்குறைந்த கேலி நாடகமொன்றில் ஆடிக்கொண்டிருந்தபோது, பார்வையாளரிடையே தம் பெற்றோர் வீற்றிருக்கக் கண்டார். தந்தையார் வெகுண்டு தடுத்தாரல்லர். நடிக்கத்தான் வேண்டுமெனில் நல்லாரைச் சேர்த்துக்கொண்டு நல்ல நாடகங்களை நடிக்கலாமே என்று மாத்திரம் கூறினார். எம்மூர்த் தந்தையர் இதனை நோக்குவாராக. 1888ஆம் ஆண்டில் அவர் கலை இலக்கியக் கழகத்தை நண்பர்களோடு நிறுவினார். அடுத்த ஆண்டில், உடன் நடித்த லீலினா என்னும் நங்கையை மணந்தார்.

அக்கழகத்தில் அவர் நடித்த ஒதெல்லோவைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். பாரிஸ் நகரத்து உணவுச்சாலையொன்றில் அராபியர் ஒருவரைக் கண்டு, அவரை விருந்துக்கு அழைத்து, உடையையும் நடையையும் கூர்ந்து நோக்கி, அன்றிரவே கண்ணாடிமுன் துணிகளைச் சுற்றிக்கொண்டு அவரைப்போல நடந்து பார்த்தார். 1896இல் அந்நாடகம் மேடையேறியபோது இத்தாலியப் பெருநடிகர் ரொசி வந்து பார்த்தார். உருவும் குரலும் காட்சியும் நன்றெனினும் கலை இன்னும் கைவரவில்லை என்பதும், அதனைக் கற்பிக்க வல்லார் நீரேயன்றிப் பிறரிலர் என்பதும் அவர் கூறியதன் கருத்து. பாராட்டு மாலைகளுக்கு நடுவே விழுந்த இந்த அடியை ஸ்ரனிஸ்லவ்ஸ்கி மறைக்காது தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1897ஆம் ஆண்டுக் கோடையில், நாடகாசிரியரும் நடிப்பாசிரியருமாகிய நெமிரோவிச் தான்சென்கோ என்பாரும் அவரும் மொஸ்கோவின் உணவுச்சாலை ஒன்றிற் சந்தித்தனர். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கிய பேச்சு, மறுநாட் காலை 8 மணிக்கு லியுபிமோவ்காவிலே முடிந்தது. அந்த 18 மணி நேரத்திற் பிறந்ததே மொஸ்கோ கலை அரங்கு. இன்று அரசனாக வருபவன் நாளை வேல்தாங்கி நிற்பவனாக வரவேண்டும் என்பது அவ்வரங்கின் விதி. 1898 ஒக்டோபரில் அரங்கு திறந்தது. அதே டிசம்பரில், செக்கோவ் எழுதிய கடற்பறவை என்னும் நாடகம் அங்கு மேடையேறிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பீற்றர்ஸ்பேர்க் நகரில் எள்ளி நகையாடப்பட்டு வீழ்ந்த நாடகம் அது.

இந்நாடகத்துக்கு ஸ்ரனிஸ்லவ்ஸ்கி எழுதிய நெறியாள்கைப் படியே அவர் ஏடுகளுள் மிகப் புகழ்பெற்றது. கார்க்கோவ் நகர்ப்புறத்துப் பண்ணை வீட்டில் தங்கியிருந்து, ஒவ்வோர் அங்கமாக எழுதி மொஸ்கோவுக்கு அனுப்பினார். நாடகம் தமக்கு விளங்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். விளங்காத நிலையிலும், யார் எங்கே அமர்வது, எப்போது மௌனம், எத்தனை விநாடி மௌனம், எப்போது தவளை கத்துவது என ஒவ்வொன்றையும் படங்களோடு எழுதிவைத்தார். முதலங்கம் முடிந்து திரை விழுந்ததும் அரங்கில் நெடுநேரம் ஓர் அரவமுமில்லை. தோற்றோம் என்று நடிகர் கலங்கிநிற்க, பின்னரே ஆரவாரம் எழுந்தது. செக்கோவ் இதனைப் பின்னொருகாற் கண்டபோது ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் நடிப்பை மெச்சவில்லை. எழுத்தாளன் திரிகோரினாக அவர் வெள்ளுடை உடுத்து அழகராக வந்தாராம். கிழிந்த சப்பாத்தும் கட்டம்போட்ட காற்சட்டையுமே அப்பாத்திரத்துக்கு உரியவை என்று செக்கோவ் குறிப்பாகச் சொல்ல, அதன் பொருள் விளங்க அவருக்குச் சில காலஞ் சென்றது. இதுவும் அவரே எழுதிவைத்த செய்திதான்.

வான்யா மாமா, மூன்று சகோதரிகள், செரிப் பழத்தோட்டம் என்பன தொடர்ந்து வந்தன. 1904இல் செக்கோவ் மறைந்தார். 1906ஆம் ஆண்டில் அரங்கினர் ஜெர்மனி முதலிய நாடுகளுக்குச் சென்று பெரும்புகழோடு மீண்டனர். எம் கருத்தின்படி ஸ்ரனிஸ்லவ்ஸ்கியின் உண்மை வரலாறு இவ்விடத்திலேதான் தொடங்குகிறது. அவருக்கு அப்போது 43 வயது. புகழின் உச்சியில் நின்ற அவர், அக்கோடையிற் பின்லாந்துக்குச் சென்று, நாடோறும் கடலோரப் பாறையொன்றில் அமர்ந்து, மேடையேறுவதில் முன்னிருந்த மகிழ்ச்சி தம்மை விட்டு ஏன் அகன்றது என்று சிந்தித்தார். இப்சன் எழுதிய மக்கட் பகைவன் என்னும் நாடகத்திலே ஸ்ரொக்மன் என்னும் மருத்துவர் வேடம் அவருக்குப் பெயர் தந்தது. 1900இல் அதனை முதலில் ஏற்றபோது, வாய்மையின் பொருட்டுத் துன்புற்ற ஒருவரின் நினைவு அவர் நெஞ்சில் உயிரோடிருந்தது. நினைவிலிருந்து உணர்வும், உணர்விலிருந்து நடையும் சைகையும் தாமே பிறந்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்நினைவு வாடிற்று. நடையும் சைகையும் மாத்திரம் எஞ்சின. முன்னே நீட்டிய அவ்விரு விரல்களும் இருந்தன. அவற்றை நீட்டுவித்த உள்ளம் இல்லை. கண்டோர் கைதட்டினர். நடித்தவரோ, உயிர் நீங்கிய கூட்டை ஊரூராகச் சுமந்து திரிந்ததை அப்பாறையில் இருந்துதான் அறிந்தார்.

நாற்பதைக் கடந்த ஆசிரியன் எவனும் இப்பகுதியைத் தன்னைப் பற்றிய செய்தியாகவே படிப்பான். ஒரே பாடத்தை இருபதாம் முறை நடத்தும்போது, குரலும் சுண்ணக்கட்டியும் பழகிய வழியே செல்ல, உள்ளம் வேறெங்கோ இருப்பதை யாம் அறியாதவரல்லேம்.

அவர் அங்கிருந்து மீண்டு, பழைய குறிப்பேடுகளையெல்லாம் திரும்பப் படித்தார். எழுதப்படிக்கத் தொடங்கும் சிறுவன்போல அடிப்படையிலிருந்து ஆராயலானார். உணர்வை ஏவல்கொள்ள முடியாது. அழு என்றால் அழுகை வாராது. ஆனால், உடலின் இறுக்கத்தைத் தளர்த்தலும், கவனத்தை ஒன்றில் நிறுத்தலும், இந்நிலையில் யான் இருந்தால் என்ன செய்வேன் என்று வினாவுதலும் நடிகன் கையில் உள்ளவை. அவற்றைச் செய்தால் உணர்வு தானே வந்து சேரக்கூடும். இதுவே அவர் முறையின் சாரம். 1909இல் துர்கேனிவின் நாடகமொன்றில் இதனை முதன்முதற் கையாண்டார். மூத்த நடிகர் முகஞ்சுளித்தனர். 1912இல் இளைஞரைக் கொண்டு பயிற்சிக்கூடம் அமைத்தார்.

எம் மாணவர்க்கு இன்பந் தரும் செய்தி ஒன்றும் அவ்வேடுகளில் உண்டு. 1911 அளவில் ஹட யோகம் பற்றிய நூல்களை அவர் படித்து, மூச்சுப் பயிற்சியையும் பிராணன் என்னும் கருத்தையும் பயிற்சிக்கூடத்திற் புகுத்தினார். இதுகேட்டு உடனே மார்தட்டுதல் தகாது. அவர் படித்த நூல்கள் இராமசரகர் என்னும் பெயரில் வெளிவந்தவை எனினும், அவற்றை எழுதினவர் அற்கின்சன் என்னும் அமெரிக்கரே. மெய்ப்பாடு பற்றிக் கூறும் எம் தொல்காப்பியத்தை அவர் அறிந்திலர். அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ண எமக்கு உரிமையுண்டு; அதற்குமேல் இல்லை.

1917ஆம் ஆண்டுப் புரட்சியில் ஆலையும் செல்வமும் போயின. 1921இல் லெயொந்தியெவ் ஒழுங்கையில் ஒரு வீட்டை அரசினர் அளித்தனர். இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். 1923, 1924ஆம் ஆண்டுகளில் அரங்கினரோடு அமெரிக்காவில் நடித்தார். காசநோயுற்ற மகனின் மருத்துவச் செலவு அவரை வருத்திற்று. கலையில் என் வாழ்க்கை என்னும் நூலை அங்கே விரைந்து எழுதினார். 1924இல் ஆங்கிலத்தில் வந்த அந்நூல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. திருத்தி எழுதி 1926இல் ருஷ்ய மொழியில் வெளியிட்டார்.

1928 ஒக்டோபர் 29ஆந் திகதி அரங்கின் 30ஆவது ஆண்டு விழா. மூன்று சகோதரிகள் நாடகத்தின் முதலங்கத்தில் அவர் படைத்தலைவர் வெர்ஷினினாக நடித்தார். நடித்துக்கொண்டிருக்கையிலேயே நெஞ்சுநோய் கண்டது. அங்கத்தை முடித்து, எழுந்த கரவொலிக்கு வணங்கியபின்னரே வீழ்ந்தார். அதன்பின் அவர் மேடையேறவில்லை. பிரான்சின் நீஸ் நகரில் ஓய்வுகொண்ட காலத்தில், இளமையிற் கைகூடாத ஒதெல்லோவுக்கு நெறியாள்கைத் திட்டம் எழுதிக் கடிதவழியே மொஸ்கோவுக்கு அனுப்பினார். அது முற்றாகச் சென்றடையுமுன் 1930இல் அங்கே நாடகம் நடந்து முடிந்துவிட்டது. எனினும் எழுதுவதை அவர் நிறுத்தினாரல்லர். 1945இல் அத்திட்டம் நூலாயிற்று.

தம் முறையை விளக்கும் நூலை அவர் ஒரு மாணவனின் நாட்குறிப்பாக அமைத்தார். அதில் வரும் ஆசிரியர் தோர்த்சோவும் அவரே. தடுமாறிக் குறிப்பெழுதும் மாணவன் கோஸ்த்யாவும் அவரே. கொன்ஸ்ரன்ரின் என்னும் பெயரின் செல்ல வடிவமே கோஸ்த்யா. 1936இல் ஆங்கிலத்திற் சுருங்கிய வடிவில் அது வந்தது. ருஷ்யப் பதிப்பு அவர் மறைந்த பின்னரே, அதே 1938இல் வெளியாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில், அவருடைய பழைய மாணவரும் நேர்மாறான கொள்கையினருமாகிய மெயர்ஹோல்டின் அரங்கை அரசினர் மூடினர். பிறர் அஞ்சி ஒதுங்க, நோயாளியாகிய ஸ்ரனிஸ்லவ்ஸ்கி அவரை அழைத்துத் தம் இசைநாடக அரங்கில் வேலை கொடுத்தார். 1938 ஓகஸ்ட் 7ஆந் திகதி ஸ்ரனிஸ்லவ்ஸ்கி காலமானார். மறு ஆண்டில் மெயர்ஹோல்ட் சிறைப்பட்டு, 1940இற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஏடுகள் எஞ்சின. குறிப்பேடுகளும், நெறியாள்கைப் படிகளும், கடிதங்களும், ஒரே அதிகாரத்தை மீண்டும் மீண்டும் எழுதிய வரைவுகளும் மொஸ்கோ கலை அரங்கின் நூதனசாலையிற் பேணப்படுகின்றன. அவர் வாழ்ந்த வீடும் 1948இல் நினைவில்லமாயிற்று. 1954 முதல் 1961 வரை 8 தொகுதிகளும், 1988 முதல் 1999 வரை 9 தொகுதிகளுமாக அவர் எழுத்துகள் அச்சேறின. இத்தொகுதிகளாற் பெரிய வழக்கொன்று தெளிந்தது. அமெரிக்க நடிகர் சிலர், பழைய துயரை நினைந்து உணர்வை வருவித்தலே அவர் முறை என்று நெடுங்காலம் போதித்தனர். 1934இல் ஸ்ரெல்லா அட்லர் என்னும் அமெரிக்க நடிகை பாரிசில் அவரிடம் ஐந்து வாரம் பயின்று திரும்பி, அங்ஙனமன்று என்று கூறியபோது பூசல் எழுந்தது. பிற்கால ஏடுகளோ, செயலிலிருந்து தொடங்கினால் உணர்வு பின்தொடரும் என்பதையே அவர் இறுதியில் வற்புறுத்தியதைக் காட்டுகின்றன. யோகம் பற்றிய சொற்கள் சோவியத் காலப் பதிப்புகளில் நீக்கப்பட்டமையும் அவ்வேடுகளாலேயே தெரியவந்தது. 2008இல்தான் அந்நூலின் விரிந்த வடிவம் ஆங்கிலத்துக்கு வந்தது. கறையானுக்கும் செல்லுக்கும் தப்பிய ஓலைகளைத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையவர்களை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எம்மிடத்தும் ஒரு குறையுண்டு. யாம் பழக்கிய நாடகங்களின் ஒத்திகைப் படிகளை, இடம் அடைக்கின்றன என்று கருதி, சில ஆண்டுகளுக்கு முன் பழந்தாள் வாங்குவோனிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டோம். யார் எந்த வேடம் ஏற்றான், எக்காட்சி எதனாற் கெட்டது என்பவை அவற்றோடு போயின. கல்லூரி மேடையில் நடித்த பழைய மாணவர் எவரிடத்தேனும் நாடக அறிவித்தல், நிழற்படம், கைப்பிரதி, ஒத்திகைக் குறிப்பு முதலியன இருப்பின், அவை எத்துணைக் கிழிந்திருப்பினும், எறிந்துவிடாது எமக்கு அறிவிப்பார்களாக. நூலகத்தின் தெற்குச் சுவரோரத்தில் ஓர் அலுமாரியை அதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.