கைராசியா? கைப்பக்குவமா?

ஒரு டாக்டரிடம் போனால் நோய் சீக்கிரம் தீருகிறது. அவரைக் கைராசிக்காரர் என்கிறோம். ஒரு வீட்டில் குழம்பு மணக்கிறது. அந்த அம்மாளுக்கு நல்ல கைப்பக்குவம் என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ராசி தானாக வருவது. பக்குவம் பழகப் பழக வருவது.

அமெரிக்காவில் 78 ஆண்டுகள் பந்தயக் குதிரைகளோடு வாழ்ந்த ஒருவர் இருந்தார். அவருக்கு இருந்தது ராசியா, பக்குவமா?

அவர் பெயர் ஜேம்ஸ் பிட்சிம்மன்ஸ். சிரித்த முகம் உடையவர். ஆகையால் பத்திரிகைக்காரர்கள் அவருக்கு சன்னி ஜிம் என்று செல்லப் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பந்தயக் குதிரையின் சொந்தக்காரர் ஒருவர். அதன்மேல் ஏறி ஓட்டும் ஜாக்கி இன்னொருவர். இருவருக்கும் நடுவில் நிற்பவர்தான் பயிற்சியாளர். குதிரைக்கு என்ன தீனி, எவ்வளவு ஓட்டம், எப்போது ஓய்வு, எந்தப் பந்தயத்தில் விடுவது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் அவரே. குதிரை தோற்றால் முதலில் திட்டு வாங்குபவரும் அவரே. ஜிம் செய்த தொழில் இதுதான்.

பாத்திரம் கழுவிய பையன்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கடலோரமாக ஷீப்ஸ்ஹெட் பே என்ற இடம் இருக்கிறது. 1874-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி ஜிம் அங்கே பிறந்தார். ஏழைக் குடும்பம். அவர் சிறு பையனாக இருந்தபோது, அவர் பிறந்த வீடு இருந்த நிலத்திலேயே பெரிய பந்தய மைதானம் ஒன்று எழுந்தது. பந்தயத்தைத் தேடி அவர் போகவில்லை. பந்தயம் அவர் வாசலைத் தேடி வந்தது. இதை ராசி என்றுதான் சொல்ல வேண்டும்.

1885-ல், பத்து வயதில், ஒரு குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வேலை சமையற்கட்டில். பாத்திரம் கழுவினார். பிறகு சாணம் அள்ளினார். குதிரைகளைத் தேய்த்துவிட்டார். மெல்ல மெல்ல ஜாக்கி ஆனார்.

ஜாக்கி வாழ்வு அவருக்குச் சுகப்படவில்லை. பெரிய மைதானங்களில் இடம் கிடைக்கவில்லை. சின்னச் சின்ன ஊர்களில், நோஞ்சான் குதிரைகளின்மேல் ஏறி, கிடைத்த கூலிக்கு ஓட்டினார். இதற்குள் கலியாணமும் ஆகிவிட்டது. வயிற்றைக் கழுவ வேண்டும். ஆனால் வயிறு நிறையச் சாப்பிடவும் முடியாது. எடை கூடினால் ஜாக்கி வேலை போய்விடும். எடையைக் குறைப்பதற்காகச் செங்கல் சூளையின் அனலில் நின்று வியர்வையைக் கொட்டினார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. இப்படி உடம்பை வாட்டியதால்தான் பிற்காலத்தில் முதுகெலும்பில் வாதம் கண்டு கூன் விழுந்தது என்பார்கள். வயதான காலத்தில் அவருடைய தலை தரையைப் பார்த்துத் தொங்கும். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது.

எடை நிற்கவில்லை. ஜாக்கி வேலையை விட்டுப் பயிற்சியாளர் ஆனார். அதிலும் பல ஆண்டுகள் பிறர் வேண்டாம் என்று தள்ளிய குதிரைகளே அவரிடம் வந்தன. வீங்கிய கால், வெடித்த குளம்பு, முரட்டுக் குணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. அவற்றை வைத்துக்கொண்டே சின்னப் பந்தயங்களை ஜெயித்தார். பணக்காரர்கள் அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. 1920-களில் வில்லியம் உட்வர்டு என்ற செல்வர் தம்முடைய பெலேர் பண்ணைக் குதிரைகளை ஜிம்மிடம் ஒப்படைத்தார். பின்னர் பிப்ஸ் குடும்பத்தாரின் வீட்லி லாயமும் அவர் கைக்கு வந்தது. உயர்ந்த சாதிக் குதிரைகள் வந்து குவிந்தன.

இங்கேதான் சந்தேகக்காரர்கள் வாயைத் திறக்கிறார்கள். நல்ல குதிரையைக் கொடுத்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்கிறார்கள்.

வேடிக்கை பார்த்த குதிரை

1927-ல் பிறந்த காலன்ட் பாக்ஸ் என்ற குதிரையைப் பார்த்தால் இதற்கு ஒரு பதில் கிடைக்கும். நல்ல வம்சம், நல்ல உடம்பு, நல்ல வேகம். ஆனால் ஒரு குறை. எதைக் கண்டாலும் வேடிக்கை பார்க்கும். ஒரு பந்தயத்தில் மற்றக் குதிரைகள் கிளம்பிய பிறகும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. முன்னால் போய்விட்டாலோ, இனி யார் வரப்போகிறார்கள் என்பதுபோல் வேகத்தைக் குறைத்துவிடும். துணை இருந்தால்தான் ஓடும்.

ஜிம் அதை அடிக்கவில்லை. காலையில் அதை ஓட்டும்போது துணைக்கு ஒரு குதிரையை விட்டார். அது களைத்ததும் வழியில் காத்து நின்ற இன்னொரு குதிரை சேர்ந்துகொள்ளும். அதுவும் களைத்தால் மற்றொன்று. காலன்ட் பாக்ஸ் அருகில் எப்போதும் ஒரு போட்டிக்காரன் இருந்துகொண்டே இருப்பான். வேடிக்கை பார்க்கும் குணத்தை அவர் மாற்றவில்லை. அந்தக் குணத்தை வைத்தே வேலை வாங்கினார்.

அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கு மூன்று பெரிய பந்தயங்கள் உண்டு: கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட். மூன்றையும் ஒரே ஆண்டில் ஜெயிக்கும் குதிரைக்கு மும்முடி என்ற பட்டம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குட்டிகள் பிறக்கின்றன. ஆனால் 1919-ல் முதல் குதிரை மும்முடி பெற்றதிலிருந்து 2018 வரை பட்டம் பெற்றவை 13 குதிரைகளே. 1930-ல் காலன்ட் பாக்ஸ் அதைப் பெற்றது. அந்த ஒரே ஆண்டில் 3,08,275 டாலர் சம்பாதித்தது.

1935-ல் காலன்ட் பாக்ஸின் மகன் ஒமாஹாவும் மும்முடி பெற்றது. அதற்கும் ஜிம்தான் பயிற்சியாளர். இரண்டு குதிரைகளுக்கு மும்முடி வாங்கித் தந்த முதல் பயிற்சியாளர் அவரே. அப்பனும் மகனும் மும்முடி பெற்றது அந்த ஒரு தடவைதான்.

சேற்றில் வந்த வினை

1930-ல் காலன்ட் பாக்ஸ் பத்துப் பந்தயங்களில் ஓடியது. ஒன்பதில் வெற்றி. தோற்ற அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமை ஆகாது.

ஆகஸ்டு மாதம் சரடோகா என்ற ஊரில் டிராவர்ஸ் பந்தயம். மழை பெய்து பாதை சேறாகிக் கிடந்தது. காலன்ட் பாக்ஸும் விச்ஒன் என்ற குதிரையும் ஒன்றை ஒன்று முந்துவதற்காகப் போராடின. ஜனங்கள் அவை இரண்டை மட்டுமே பார்த்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் களைத்தபோது, ஜிம் டாண்டி என்ற குதிரை பாய்ந்து வந்து வெகு தூரம் முன்னால் போய் ஜெயித்துவிட்டது. அதன்மேல் ஒரு டாலர் கட்டினால் நூறு டாலர் கிடைக்கும் என்ற நிலை. அதாவது, அது ஜெயிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த ஆண்டு அது ஜெயித்த பந்தயம் அது ஒன்றே. ஆனால் சேறு அதற்குப் பிடித்த பாதை. ஜிம் பழக்கிய குதிரையில் குறை ஒன்றும் இல்லை. மழை பெய்தது, அவ்வளவுதான். இன்றும் சரடோகாவில் ஜிம் டாண்டி பெயரில் ஒரு பந்தயம் நடக்கிறது.

கை நழுவிய செல்வம்

சேறு மழையால் வந்தது. அடுத்ததற்கு மழைமேல் பழி போட முடியாது.

1930-களின் நடுவில் ஜிம்மின் லாயத்தில் சீபிஸ்கட் என்ற சின்னக் குதிரை இருந்தது. முழங்கால்கள் அழகில்லை. நன்றாகத் தின்னும். நன்றாகத் தூங்கும். முதல் 17 பந்தயங்களிலும் தோற்றது. வேகம் உள்ளே இருக்கிறது, ஆனால் சோம்பேறி என்று ஜிம் கண்டுகொண்டார். சோம்பலைப் போக்க அடிக்கடி ஓடவிட்டார். இரண்டு வயதில் மட்டும் 35 பந்தயங்கள்! மற்றக் குதிரைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓடுவதை அது ஒரே ஆண்டில் ஓடியது. அந்த ஆண்டு ஒமாஹா மும்முடி பெற்ற ஆண்டு. அடுத்த ஆண்டு பெல்மான்டை வென்ற கிரான்வில் அவர் லாயத்தில் இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் இந்தக் கடைக்குட்டியைக் கவனிக்க யாருக்கு நேரம்?

1936-ல் கலிபோர்னியாவின் மோட்டார் வியாபாரி சார்லஸ் ஹோவர்டு அதை 8,000 டாலருக்கு வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் டாம் ஸ்மித், அதிகம் பேசாதவர். குதிரைக்கு முதலில் ஓய்வு கொடுத்தார். விருப்பம்போல் தூங்கவிட்டார். அதன் கொட்டடியில் துணைக்கு ஒரு கிழக் குதிரையைக் கட்டினார்.

1938 நவம்பர் 1-ந் தேதி பிம்லிகோ மைதானத்தில் சீபிஸ்கட்டும், முந்திய ஆண்டு மும்முடி பெற்ற வார் அட்மிரலும் தனித்து மோதின. சீபிஸ்கட் நான்கு குதிரை நீளம் முன்னால் வந்து ஜெயித்தது. 1940-ல் ஓய்வு பெற்றபோது அதன் வருமானம் 4,37,730 டாலர். அதுவரை எந்தக் குதிரையும் அவ்வளவு சம்பாதித்ததில்லை.

குதிரை ஒன்றே. கைதான் மாறியது. குதிரை கிடைப்பது ராசி என்றால், அந்த ராசி ஜிம்முக்கும் வந்தது. வந்து, லாயத்திலேயே தூங்கி, விலைபோய்விட்டது. துணை வைத்துக் காலன்ட் பாக்ஸை மாற்றியவருக்கு, சீபிஸ்கட்டுக்கும் துணையும் ஓய்வும் வேண்டும் என்று தோன்றவில்லை. இது அவர் செய்த பிழைதான். அதே சமயம், ஸ்மித்திடம் அப்போது கவனிக்கக் குதிரைகள் கொஞ்சம். ஜிம்மிடம் ஏராளம். இதையும் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

எண்பது வயதில்

பிழையை ஒப்புக்கொள்ள அவர் தயங்கியதில்லை. 1955 டெர்பியில் அவருடைய நஷுவா, ஸ்வாப்ஸ் என்ற குதிரையிடம் தோற்றது. ஜாக்கி எட்டி அர்காரோவிடம் வேறொரு குதிரையைக் கவனிக்கச் சொல்லியிருந்தார் ஜிம். ஆகையால் தவறு தம்முடையது, ஜாக்கியுடையது அல்ல என்று தாமே பழியை ஏற்றார். ஆகஸ்டு 31-ந் தேதி சிகாகோ அருகே இரண்டு குதிரைகளும் தனித்து மோதின. இந்தத் தடவை முதல் அடியிலிருந்தே நஷுவா முந்தியது. ஆறரை நீளத்தில் வெற்றி. பாடம் படித்த கிழவரின் திறமை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். பிறகு ஸ்வாப்ஸின் குளம்பில் கோளாறு இருந்தது தெரிய வந்தது. திறமை எவ்வளவு, எதிரியின் கால்வலி எவ்வளவு? யார் அளந்து சொல்வது?

அடுத்து வந்தது போல்டு ரூலர். வீட்லி லாயத்துக் குதிரை. அதற்கும் வாத நோய். வாதத்தால் கூனிய 82 வயதுக் கிழவர் வாதக் குதிரையைப் பழக்கினார். குனிந்த தலையோடு நின்ற அவர் கண்ணுக்கு முதலில் படுவது குதிரையின் கால்தான். காலைத் தடவிப் பார்த்துச் சூடு தெரிந்தால் அன்று ஓட்டம் கிடையாது. 1957-ல் போல்டு ரூலர் பிரீக்னஸை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டமும் பெற்றது.

1963-ல், 88 வயதில், ஜிம் ஓய்வு பெற்றார். அவர் குதிரைகள் ஜெயித்த பந்தயங்கள் 2,275. ஒரு மழை ஒரு பந்தயத்தைக் கெடுக்கலாம். ஒரு மழை ஒரு பந்தயத்தைக் கொடுக்கவும் செய்யலாம். இரண்டாயிரம் தடவை மழை ஒருவர் பக்கமே பெய்யாது. 1966 மார்ச் 11-ந் தேதி மயாமியில் அவர் காலமானார்.

போல்டு ரூலரின் கதை அதோடு முடியவில்லை. அதன் குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்வதில் பிப்ஸ் குடும்பத்துக்கும் செனரி குடும்பத்துக்கும் ஓர் ஒப்பந்தம். 1969-ல் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்தவர் பிறந்திருந்த குட்டிகளில் முதலில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தோற்றவருக்கு அடுத்த ஆண்டு பிறக்கப்போகும் குட்டி. சீபிஸ்கட்டை விற்ற அதே பிப்ஸ் குடும்பம் சுண்டலில் ஜெயித்தது. ஒரு பெண் குட்டியைப் பொறுக்கி எடுத்தது. செனரி குடும்பத்துக்கு 1970-ல் பிறந்த குட்டி கிடைத்தது. அதற்கு செக்ரெடேரியட் என்று பெயர் வைத்தார்கள். 1973-ல் அது மும்முடி பெற்றது. பெல்மான்டில் 31 நீளத்தில் ஜெயித்தது. பிப்ஸ் வீட்டுக்குப் போன பெண் குட்டி ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை.