டி. வி. சுந்தரம் ஐயங்கார்

மேலூரினின்று மதுரை ஏறக்குறைய 18 மைல் தொலைவினது. மாட்டு வண்டிக்கு அஃது ஓர் இரவுப் பயணம். இன்றோ பஸ்ஸில் ஏறியமர்ந்தோர் ஒரு மணிப் பொழுதில் நகர் சேர்கின்றனர். வண்டி புறப்படுமோ, நடுவழியில் நின்றுவிடுமோ என்று எவரும் ஐயுறுவதில்லை. இந்நம்பிக்கையைத் தம் உழைப்பினால் பாண்டி நாட்டு மக்களுக்கு ஈட்டித் தந்தோருள் தலையாயவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார் ஆவர்.

இவர் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த திருக்குறுங்குடியிற் பிறந்தார். முதலில் ரெயில்வேயிலும் பின்னர் ஒரு வங்கியிலும் அலுவல் பார்த்தார். திங்கள்தோறும் தவறாது வரும் ஊதியத்தை விடுத்து, 1911-இல் தம் பெயரால் ஒரு நிறுவனம் கண்டு, அடுத்த ஆண்டில் பஸ் ஓட்டத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 35.

அந்நாளில் மோட்டார் வண்டியைக் கிளப்புவதே ஓர் அருஞ்செயலாயிருந்தது. வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றல் வேண்டும். எந்திரம் பின்னடித்தால் சுழற்றுவோன் கை முறிதலும் உண்டு. மின்விசையாற் கிளப்பும் கருவியைக் கெட்டெரிங் என்னும் அமெரிக்கர் இயற்ற, அது கேடிலாக் காரில் இடம்பெற்றதும் அதே 1912-ஆம் ஆண்டின் மாதிரியிலேயாம். நம் நாட்டுப் பஸ்களோ நெடுங்காலம் கைப்பிடியையே நம்பியிருந்தன.

எந்திரம் உயிர்பெற மூன்று வேண்டும்: அளவாகக் காற்றுக் கலந்த பெட்ரோல், உருளையினுள் அக்கலவையை நெருக்கும் அழுத்தம், உரிய நொடியில் எழும் மின்பொறி. கிளம்பாத வண்டியில் இம்மூன்றனுள் ஒன்று குறைந்திருக்கும். கிளம்பி ஓடி இடையில் அடங்கும் வண்டியிலோ, பெட்ரோற் குழாயில் தூசு அடைத்திருக்கலாம், கார்புரேட்டரில் நீர் புகுந்திருக்கலாம், மின்கம்பி தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாக நோக்கி விலக்கினால் எஞ்சுவதே காரணமாகும். நோயாளியை அணுகும் நல்ல மருத்துவன் முறையும் இதுவேயன்றோ! இம்முறையறியாதோர் எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றி, இருந்த குறையோடு புதுக்குறையும் சேர்ப்பர்.

ஐயங்காரின் சிறப்பு யாதெனின், குறையைக் கண்டபின் தீர்ப்பதோடு அமையாது, அது தோன்றும் இடத்தை நாடிச் சென்றமையே. அக்காலச் சாலைகளில் மாடு குதிரைகளின் லாடங்களினின்று கழன்ற ஆணிகள் மலிந்து கிடந்தன. அவை சக்கரங்களைத் துளைத்துப் பயணத்தைத் தடுத்தன. அதற்குத் துளையை அடைத்தலோடு நில்லாது, காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளை அகற்றுவித்தார் என்பர். அவர் பஸ் கடந்து செல்வதைக் கொண்டு மணியறிந்தோர் உண்டென்றும் முதியோர் கூறுவர். அலங்காநல்லூரானும் மேலூரானும் வழக்கு நாளன்று நீதிமன்றத்திற்கும், நோயுற்ற நாளில் மருத்துவ சாலைக்கும் பஸ்ஸை நம்பிப் புறப்பட வேண்டுமாயின், காலந் தவறாமையே அதற்கு முதல் வேண்டுவதாம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டு பெட்ரோல் அரிதான காலை, பஸ்கள் யாவும் நிற்கும் நிலை எய்திற்று. ஐயங்கார் கரிவாயுக் கருவியொன்றை அமைத்து, டி. வி. எஸ். காஸ் பிளாண்ட் என்னும் பெயரால் வழங்கினார். இத்தகைய கருவியில் மரக்கரி மூடிய உலையிற் குறைந்த காற்றோடு எரியும். அதனின்று எழும் வாயு குளிர்ந்து, வடிகட்டியிற் சாம்பல் நீங்கி, எந்திரத்தை அடையும். இதற்கும் நோய்கள் உண்டு. கரி ஈரமாயிருப்பின் வாயு வலுவிழக்கும். வடிகட்டி அடைபட்டால் வண்டி மேட்டில் ஏறாது நின்றுவிடும். இணைப்பிற் கசிவிருப்பின் வேண்டாத காற்றுப் புகுந்து எந்திரம் அடங்கும். இவ்வாயு மணமற்ற நச்சுடையதாதலின் கசிவு உயிருக்கும் இடர். ஆகவே முதலில் உலை, அடுத்து வடிகட்டி, பின்னர் இணைப்புக்கள் என முறையே நோக்குதல் இன்றியமையாததாயிற்று. பெட்ரோலைவிட ஆற்றல் குறைந்ததேனும், போர்க்காலத்தில் மக்களுக்குப் பயணம் அற்றுப்போகாதவாறு காத்தது இக்கரியே.

தம் இல்லத்தில் நேர்ந்த துயரையும் அவர் விதியென்று விட்டுவிடவில்லை. மகளார் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண் கல்வி கற்பதை ஊரார் ஒவ்வாத காலம் அது. ஆயினும் அவரை மருத்துவம் பயில விடுத்தனர் பெற்றோர். 1936-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். 1947-இல் காந்திகிராமம் கண்டு ஏழைகளுக்குத் தொண்டு புரிந்தார்.

சுந்தரம் ஐயங்கார் 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிற் காலமானார். பின்னாளில் பஸ்கள் அரசினரின் உடைமையாயின. ஆயினும் அவர் காட்டிய நெறி மாறவில்லை. நின்ற வண்டியை நொந்து பயனில்லை. ஏன் நின்றது என்று முறையே வினவுவோனே அதனைச் செலுத்துவான். கல்வியிலும் தொழிலிலும் தடையுறும் மாணாக்கர்க்கு இவ்வாழ்க்கை நல்லதொரு பாடமாகும்.